23 நிமிடங்களில் 883 தளங்கள்: கிளவுட் சுத்தம் எங்கே தவறுகிறது

2022 ஏப்ரல் 5. ஜிரா போன்ற மென்பொருள்களை இணையம் வழியே தரும் அட்லாசியன் நிறுவனத்தில் உலகப் பொது நேரப்படி (யூடிசி) காலை 7:38க்கு ஒரு ஸ்கிரிப்ட் (தானாக வேலை செய்யும் சிறு நிரல்) ஓடத் தொடங்கி 8:01க்கு முடிந்தது. வேலை சாதாரணமானது. 'இன்சைட் - அசெட் மேனேஜ்மென்ட்' என்ற தனி ஆப்பின் வசதிகள் ஜிரா சர்வீஸ் மேனேஜ்மென்ட் என்ற அதன் இன்னொரு மென்பொருளுக்குள்ளேயே வந்துவிட்டன. ஆகவே வாடிக்கையாளர்களின் தளங்களில் (அவரவர் வேலை நடக்கும் இணைய இடங்களில்) ஒட்டிக்கொண்டிருந்த பழைய ஆப்பை நீக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்கிரிப்ட் முடிந்தபோது ஆப்புடன் சேர்ந்து 775 வாடிக்கையாளர்களின் 883 தளங்களும் போயிருந்தன. கடைசித் தளம் திரும்பி வர ஏப்ரல் 18 ஆனது.

அந்தச் சுத்தம் செலவைக் குறைப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஆனாலும் கிளவுட் பில்லைப் (வாடகைக்கு எடுத்த சர்வர், சேமிப்பிடங்களின் கட்டணத்தைப்) பார்த்துப் பதறி 'வேண்டாததையெல்லாம் தூக்கு' என்று இறங்கும் எந்த டீமும் இதே பாதையில்தான் போகிறது: ஒரு பட்டியல், ஒரு ஸ்கிரிப்ட், அழிக்கும் அதிகாரம் உள்ள ஒரு சாவி. அந்த நிறுவனமே நிமிடக் கணக்கோடு அறிக்கை வெளியிட்டதால், எந்த இடத்தில் எந்தத் தடுப்பு இல்லாமல் போனது என்று துல்லியமாகப் பார்க்க முடிகிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டு, அமேசானின் கிளவுட் சேவையான அமேசான் வெப் சர்வீசஸில் (ஏடபிள்யூஎஸ்) அக்கவுண்ட் ஒன்றை எப்படிச் சுத்தம் செய்வது என்பதற்கு வருவோம்.

எங்கள் வாதம் ஒன்றுதான். செலவு அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் அழிக்காதீர்கள். எது எளிதாகத் திரும்பக் கிடைக்குமோ அதிலிருந்து தொடங்குங்கள். திரும்பவே கிடைக்காதவை கடைசியில் வரட்டும். சில வராமலே போகட்டும்.

ஸ்கிரிப்ட் சரி, பட்டியல் தவறு

நீக்கச் சொன்ன டீமும் நீக்கிய டீமும் வேறு வேறு. ஆப்பின் அடையாள எண்களைத் தர வேண்டிய இடத்தில், அந்த ஆப் இருந்த முழுத் தளத்தின் அடையாள எண்கள் போய்ச் சேர்ந்தன. நீக்கும் ஏபிஐ (ஒரு நிரல் மற்றொன்றுக்குக் கட்டளையிடும் வழி) இரண்டு வகை எண்களையும் ஏற்றுக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது. ஆப் எண் கொடுத்தால் ஆப்பை அழிக்கும், தள எண் கொடுத்தால் தளத்தையே அழிக்கும். 'நீங்கள் அழிக்கப்போவது தளம்' என்று அது கேட்கவில்லை.

சக ஊழியர் சரிபார்த்தாரா? சரிபார்த்தார். எந்த ஏபிஐயை எப்படி அழைக்கிறது என்பதைப் பார்த்தார். உள்ளே போகும் எண்கள் எதைக் குறிக்கின்றன என்பதைப் பார்க்கவில்லை. ஸ்டேஜிங்கில், அதாவது அசலைப் போன்ற சோதனைச் சூழலில், சோதித்தார்களா? சோதித்தார்கள். அந்த எண்கள் ஸ்டேஜிங்கில் இல்லவே இல்லை என்பதால் அந்தச் சோதனை எதையும் காட்டியிருக்க முடியாது.

நம் கவனத்துக்கு உரிய இடம் அடுத்தது. அசல் சூழலில் முதலில் 30 தளங்களில் மட்டும் ஓட்டிப் பார்த்தார்கள். பழுதில்லாமல் நடந்தது. ஆனால் அந்த 30க்கான எண்கள் இந்தத் தகவல் குழப்பம் நேரும் முன்பே எடுக்கப்பட்டவை. எல்லாம் சரியான ஆப் எண்கள். அடுத்த சுற்றுக்கு வந்த பட்டியல் வேறு. அதாவது சோதனை ஓட்டம் ஸ்கிரிப்டைச் சோதித்தது, பட்டியலைச் சோதிக்கவில்லை. 'முதலில் சிறிய அளவில் செய்து பார்' என்ற அறிவுரையை எல்லோரும் சொல்வார்கள். அந்தச் சிறிய அளவு அழிக்கப்போகும் அதே கோப்பின் முதல் வரிகளாக இருக்க வேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு.

7:46க்கு முதல் வாடிக்கையாளரின் புகார் வந்தது. உள் கண்காணிப்பு ஒன்றும் கத்தவில்லை. முறையான வழியில், முறையான அதிகாரத்தோடு நடந்த நீக்கம் அதன் கண்ணுக்குப் பழுதாகத் தெரியவில்லை. ஸ்கிரிப்டும் புகாரும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை என்று உறுதியானபோது மணி 8:53. தளத்தோடு சேர்ந்து வாடிக்கையாளரின் தொடர்பு விவரங்களும் அழிந்திருந்ததால், யாரைக் கூப்பிட்டுச் சொல்வது என்பதே சிக்கலானது.

பேக்கப் இருந்தது, 30 நாட்களுக்கு வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு தளத்தை மீட்டெடுக்கத்தான் பேக்கப் வழிமுறை இருந்ததே தவிர, நூற்றுக்கணக்கான தளங்களை ஒரேயடியாக மீட்கும் வழிமுறை இல்லை. முதலில் கையாண்ட முறையில் தளத்துக்குச் சுமார் 70 படிகள், 48 மணி நேரம். பிறகு, பழைய அடையாள எண்களையே மறுபடி பயன்படுத்தும் முறைக்கு மாறியபின் 30க்குச் சற்று மேல் படிகள், சுமார் 12 மணி நேரம். 883இல் 771 தளங்கள் இரண்டாம் முறையில்தான் வந்தன. 'பேக்கப் இருக்கிறது' என்று சொல்லும் எவரிடமும் இரண்டாவதாகக் கேட்க வேண்டியது: நூறு உருப்படி போனால் மீட்க எத்தனை மணி நேரம்?

ஒரு எண், ஒரு மரம்

ஏடபிள்யூஎஸ்ஸின் ஈசி2 (சர்வர் வாடகை) சேவையில் இந்த வகைக் குழப்பம் நேரடியாக வராது. வால்யூமின் (சர்வரில் பொருத்தும் டிஸ்க்) எண் 'வால்' என்றும், ஸ்னாப்ஷாட்டின் (டிஸ்கின் ஒரு நேரத்து நகல்) எண் 'ஸ்னாப்' என்றும் தொடங்கும்; ஒன்றைக் கொடுத்து மற்றதை அழிக்க முடியாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே பெயரைக் கொடுத்தால் அடியில் உள்ள அத்தனையும் சாயும் இடங்கள் மூன்று: ஏடபிள்யூஎஸ்ஸில் கிளவுட்ஃபார்மேஷன் ஸ்டாக் (ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து உருவான பொருள்களின் தொகுப்பு), மைக்ரோசாஃப்டின் அஸ்யூரில் ரிசோர்ஸ் குரூப், கூகுள் கிளவுடில் புராஜெக்ட். 'இந்த டெஸ்ட் குரூப்பை அழித்துவிடு' என்று சொல்லும்போது அதற்குள் யாரோ அவசரத்துக்கு வைத்த ஒரு அசல் தரவுத்தளம் இருப்பது அபூர்வமல்ல.

கூகுள் கிளவுடில் புராஜெக்டை மூடினால் 30 நாட்கள் அவகாசம் உண்டு, ஆனால் உள்ளிருக்கும் எல்லாமே அதுவரை இருக்கும் என்று நம்பக் கூடாது. அஸ்யூரில் ரிசோர்ஸ் குரூப்பை அழித்தால் குரூப்பாகத் திரும்ப வராது. அழிக்க விடாத பூட்டை முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். கிளவுட்ஃபார்மேஷனில் ஸ்டாக்குக்கு அழிப்புத் தடுப்பும், தரவு வைத்திருக்கும் ஒவ்வொரு உறுப்புக்கும் 'ஸ்டாக் போனாலும் இது இருக்கட்டும்' என்ற கொள்கையும் தனித்தனியாக உண்டு. முதலாவது மட்டும் போதும் என்று நினைப்பது வழக்கம். போதாது: சுத்தம் செய்ய வருபவர் முதல் வேலையாக அந்தத் தடுப்பைத்தான் நீக்குவார்.

ஆகவே பட்டியலில் வெறும் பெயர் இருக்கக் கூடாது. முழு ஏஆர்என் (ஏடபிள்யூஎஸ் ஒவ்வொரு பொருளுக்கும் தரும் முழு அடையாளம்) இருக்க வேண்டும். பெரும்பாலும் அதில் சேவை, ரீஜன் (சர்வர்கள் இருக்கும் பகுதி), அக்கவுண்ட் எண், வகை எல்லாம் இருக்கும். பக்கத்தில் அளவு, உருவான தேதி, பொறுப்பாளர், கடைசியாகப் பயன்பட்டதற்கான சான்று. ஸ்கிரிப்ட் தொடங்கியதும் தான் ஓடும் அக்கவுண்ட் எண்ணும் பட்டியலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்து, இல்லையென்றால் அங்கேயே நின்றுவிட வேண்டும். 'மொத்தம் இத்தனை உருப்படி எதிர்பார்க்கிறேன்' என்ற எண்ணை மனிதர் கையால் தட்டச்சு செய்யட்டும். பட்டியலின் எண்ணிக்கை அதோடு பொருந்தாவிட்டால் ஓடக் கூடாது.

ஈசி2வின் 'ட்ரை ரன்' (செய்யாமலே செய்து பார்க்கும்) வசதியை நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. அது சொல்வது ஒன்றே ஒன்று: இந்தக் கட்டளையை இட உங்களுக்கு அனுமதி இருக்கிறதா இல்லையா. அழித்தால் என்ன உடையும் என்று அதற்குத் தெரியாது. கிளவுட் அமைப்பைக் கோடாக எழுதி நடத்தும் டெராஃபார்ம் கருவியின் பிளான் (என்ன மாறும் என்ற முன்னோட்டம்) அதைவிடப் பயனுள்ளது, ஆனால் அதுவும் தன் கோப்பில் உள்ளதை மட்டுமே அறியும். டெராஃபார்மில் எழுதப்பட்ட ஒன்றைக் கன்சோலில் (இணையக் கட்டுப்பாட்டுப் பக்கத்தில்) போய்க் கையால் அழித்தால், அடுத்த முறை அப்ளை (கோடில் உள்ளதை நடைமுறைப்படுத்தும் கட்டளை) ஓடும்போது அது மறுபடி முளைக்கும். பில்லும் முளைக்கும். கோடில் இருப்பதைக் கோடில் நீக்குங்கள்.

'யாரும் பயன்படுத்தவில்லை' என்பதற்கு என்ன சான்று

பெரும்பாலான கருவிகள் 14 நாட்களைப் பார்க்கின்றன. ஏடபிள்யூஎஸ்ஸின் ஆலோசனைக் கருவிகளில், கம்ப்யூட் ஆப்டிமைசரின் இயல்பான பார்வைக் காலம் 14 நாள். டிரஸ்டட் அட்வைசர், கடந்த 14 நாளில் குறைந்தது 4 நாட்கள் சிபியு 10 சதவீதமோ அதற்குக் கீழோ, நெட்வொர்க் போக்குவரத்து 5 மெகாபைட்டோ அதற்குக் கீழோ இருந்தால் 'குறைந்த பயன்பாடு' என்று குறிக்கும். இந்த அளவுகோலில், மாதம் ஒரு நாள் மட்டும் ஓடும் சம்பளக் கணக்கு சர்வர் கச்சிதமாக மாட்டும். இந்திய நிறுவனங்களுக்கு மாதம் 20ஆம் தேதியையொட்டி ஜிஎஸ்டி தாக்கல், மார்ச் 31இல் ஆண்டுக் கணக்கு முடிப்பு. ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் விழிக்கும் இயந்திரங்கள் நிஜமாகவே உண்டு.

பயன்பாட்டை அளந்து பதியும் கிளவுட்வாட்ச் சேவை 1 நிமிட அளவீடுகளை 15 நாட்களும், 5 நிமிட அளவீடுகளை 63 நாட்களும், 1 மணி நேர அளவீடுகளை 455 நாட்களும் வைத்திருக்கும். ஆகவே 15 மாதங்கள் பின்னோக்கி மணிவாரி பார்ப்பது செலவில்லாமல் முடியும். பார்க்கும்போது சராசரியைப் பார்க்காதீர்கள், உச்சத்தைப் பாருங்கள். ஆண்டு முழுதும் சராசரி 0.4 சதவீதம் காட்டும் சர்வர், ஏப்ரல் முதல் வாரத்தில் மட்டும் 80ஐத் தொட்டிருக்கலாம்.

உருவாக்கியவர் யார் என்று தெரியாதபோது யார் எதைச் செய்தார் என்று பதியும் கிளவுட்டிரெயிலைத் தேடுவோம். அதன் இலவச நிகழ்வுப் பதிவு 90 நாட்கள்தான். அதற்கு முந்தையது வேண்டுமென்றால், கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3க்குப் பதிவுகளை அனுப்பும் ஏற்பாட்டை யாராவது முன்பே செய்திருக்க வேண்டும். எனவே சுத்தம் செய்யத் தீர்மானித்த அன்றே அந்த ஏற்பாட்டைச் செய்துவிடுவது நல்லது. இன்று உதவாது, அடுத்த சுற்றுக்கு உதவும்.

குபர்னெட்டிஸ் (பல சர்வர்களை ஒரு கிளஸ்டராகச் சேர்த்து ஆப்களை ஓட்டும் மென்பொருள்) இருக்கும் அக்கவுண்டில் ஒரு தனி எச்சரிக்கை. ஸ்டேட்ஃபுல்செட் (தரவு வைத்திருக்கும் ஆப் குழு) ஒன்றைப் பூஜ்யத்துக்குக் குறைத்து வைத்தால், அதன் டிஸ்க் எந்தச் சர்வரிலும் பொருத்தப்படாமல் 'கிடைக்கும்' என்ற நிலையில் நிற்கும். கன்சோலில் பார்த்தால் அனாதை வால்யூமுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. டேகில் (பொருளில் ஒட்டிய குறிப்பில்) பிவிசி (குபர்னெட்டிஸின் டிஸ்க் கோரிக்கை) பெயர் இருந்தால், கிளஸ்டரில் அந்தப் பிவிசி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காமல் தொடக் கூடாது.

நிறுத்திவைத்தல்

அழிக்கும் முன் நிறுத்திவைத்து யாராவது கத்துகிறார்களா என்று பார்ப்பது பழைய வழக்கம், நல்ல வழக்கம். நெட்ஃபிளிக்ஸ் 2013இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட 'ஜானிட்டர் மங்கி'யும், பின்னர் வந்த 'கிளவுட் கஸ்டோடியன்' கருவியும் இந்தத் தத்துவத்தில் இயங்குபவை: முதலில் குறி, பிறகு தகவல் சொல், அவகாசம் கொடு, கடைசியில் அழி. ஆனால் 'நிறுத்தினால்தானே, திரும்ப இயக்கிக்கொள்ளலாம்' என்பது எல்லாப் பொருளுக்கும் உண்மையல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறி இருக்கிறது.

ஈசி2 சர்வரை நிறுத்தினால் இன்ஸ்டன்ஸ் ஸ்டோர் வகை (சர்வர் இயந்திரத்துக்குள்ளேயே இருக்கும்) டிஸ்கில் இருந்தவை அக்கணமே போய்விடும். தனியாகப் பொருத்தும் ஈபிஎஸ் வால்யூம்கள் மட்டுமே தங்கும். தானாக ஒதுக்கப்பட்ட பொது ஐபி மாறிவிடும். பழைய தலைமுறை சர்வர் வகையென்றால், திரும்ப இயக்கும் நாளில் அந்த ஸோனில் (ரீஜனுக்குள் ஒரு பிரிவு) இடமில்லை என்று பிழை வரலாம். ஆட்டோ ஸ்கேலிங் (தேவைக்கேற்பச் சர்வர் எண்ணிக்கையை மாற்றும்) குழுவில் உள்ள சர்வரை நிறுத்தினால் குழு அதை உடல்நலம் கெட்டதாக எடுத்துக்கொண்டு அழித்துவிட்டுப் புதியதை எழுப்பும். நிறுத்திவைக்கப் போய் அழித்ததாக முடியும். அங்கே குழுவின் விருப்ப எண்ணிக்கையையும் குறைந்தபட்சத்தையும்தான் மாற்ற வேண்டும். அஸ்யூரிலோ, சர்வருக்குள் நுழைந்து ஷட்டவுன் செய்தால் பில் தொடரும். டீஅலோகேட் (இயந்திரத்தைத் திரும்ப ஒப்படைத்தல்) செய்தால்தான் கம்ப்யூட் கட்டணம் நிற்கும்.

ஏடபிள்யூஎஸ்ஸே நடத்தித் தரும் ஆர்டிஎஸ் தரவுத்தளத்தை நிறுத்தினால் 7 நாட்கள் கழித்துத் தானாகவே எழுந்துகொள்ளும். 30 நாள் நிறுத்திவைத்தோம், யாரும் கேட்கவில்லை என்று எழுதும் டீம், உண்மையில் 7 நாள்தான் நிறுத்தி வைத்திருக்கும். தரவுத்தளத்துக்கு நாங்கள் பரிந்துரைப்பது வேறு வழி: அது ஓடட்டும், செக்யூரிட்டி குரூப்பின் (யார் இணையலாம் என்று தீர்மானிக்கும் தடுப்பு) உள்வரும் விதிகளை எடுத்துவிடுங்கள். இதிலும் கவனம் வேண்டும். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் விதியை எடுத்தவுடன் அறுபடாது, தொடர்ந்துகொண்டே இருக்கலாம். ஆகவே விதியை எடுத்தபின் இணைப்பு எண்ணிக்கை நிஜமாகவே பூஜ்யத்துக்கு வந்ததா என்று பார்த்து, வராவிட்டால் ரீபூட் செய்து, அதன் பிறகுதான் நாள் எண்ணத் தொடங்க வேண்டும். நாள்? மாத வேலை இருக்கக்கூடிய எதற்கும் 35. ஒரு மாத முடிவும் ஒரு 20ஆம் தேதியும் அதற்குள் கட்டாயம் வந்துவிடும்.

டிஸ்கும் ஸ்னாப்ஷாட்டும்

பணம் அதிகம் கசியும் இடம் இது. அழிப்பதும் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. ஈசி2 சர்வரை அழிக்கும்போது ரூட் வால்யூம் (சர்வரின் முதன்மை டிஸ்க்) இயல்பாகச் சேர்ந்து போகும், பிறகு பொருத்திய கூடுதல் வால்யூம்கள் இயல்பாகத் தங்கிவிடும். அனாதை வால்யூம்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. வட வர்ஜீனியா ரீஜனின் விலைப்படி (மும்பையில் சற்று அதிகம்) ஜிபி2 வகை வால்யூம் ஒரு கிகாபைட்டுக்கு மாதம் 0.10 டாலர், ஜிபி3 0.08. எவரும் தொடாத 500 கிகாபைட் ஜிபி2 டிஸ்க் மாதம் 50 டாலர். ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு அழித்தால் கிகாபைட்டுக்கு 0.05 என்ற கணக்கில் அதிகபட்சம் 25. பயன்பட்ட பிளாக்குகள் மட்டுமே சேமிக்கப்படுவதால் பொதுவாக அதைவிடக் குறைவு.

ஸ்னாப்ஷாட் முடிந்தது என்ற நிலை வரும்வரை காத்திருந்து, அதிலிருந்து ஒரு வால்யூம் உருவாக்கி, ஒரு சர்வரில் மவுன்ட் செய்து, கோப்புகள் தெரிகின்றனவா என்று பார்த்தபிறகு மூலத்தை அழியுங்கள். ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்யத் தேவையில்லை. தரவுத்தளக் கோப்பு இருந்தவற்றுக்கும், மறையாக்கம் செய்யப்பட்டவற்றுக்கும் கட்டாயம். மீட்ட வால்யூம் முதல் முறை படிக்கும்போது மெதுவாக இருக்கும். தரவு அப்போதுதான் பின்னாலிருந்து இழுக்கப்படுகிறது. அதைப் பழுது என்று நினைத்துப் பதற வேண்டாம்.

ஸ்னாப்ஷாட்களை அழிக்கும்போது எதிர்பார்த்த மிச்சம் வராது. அவை முந்தையதிலிருந்து மாறிய பிளாக்குகளை மட்டுமே வைத்திருப்பவை. நடுவில் ஒன்றை அழித்தால், அடுத்தது சார்ந்திருக்கும் பிளாக்குகள் தங்கிவிடும். வேறு எதற்கும் தேவைப்படாதவை மட்டுமே போகும். நூறில் தொண்ணூறை அழித்துவிட்டு பில் பத்து சதவீதமே குறைந்தது என்றால் அதில் மர்மம் ஒன்றுமில்லை.

ஆர்கைவ் (மலிவான நீண்டகாலச் சேமிப்பு) அடுக்கு கிகாபைட்டுக்கு 0.0125 டாலர் என்பதைப் பார்த்து எல்லாவற்றையும் அங்கே தள்ளுவதும் தப்புக் கணக்கு. ஆர்கைவ் செய்யும்போது மாற்றங்கள் மட்டும் உள்ள ஸ்னாப்ஷாட் முழு ஸ்னாப்ஷாட்டாக விரியும். 500 கிகாபைட் டிஸ்கில் 5 கிகாபைட் மட்டும் மாறிய ஸ்னாப்ஷாட்டுக்கு இப்போது மாதம் 0.25 டாலர், டிஸ்க் நிறைந்திருந்தால் ஆர்கைவில் 6.25 டாலர். குறைந்தபட்சம் 90 நாள் கட்டணம் உண்டு, திரும்ப எடுக்க கிகாபைட்டுக்கு 0.03 டாலர், 72 மணி நேரம் வரை காத்திருப்பு. தொடரில் ஒன்றை மட்டும் நெடுங்காலம் வைக்க வேண்டும், மற்றவை போகப்போகின்றன என்னும்போதுதான் ஆர்கைவ் பொருந்தும்.

தொடங்கும் முன் ரீசைக்கிள் பின் (அழித்ததைச் சில நாள் வைத்திருக்கும் தொட்டி) விதி ஒன்றை ஸ்னாப்ஷாட்டுக்கும் ஏஎம்ஐக்கும் (சர்வரை உருவாக்கும் அச்சு) போட்டுவிடுங்கள். 1 நாள் முதல் 1 ஆண்டு வரை வைக்கலாம். தொட்டியில் கிடக்கும் நாட்களுக்கும் அதே கட்டணம்தான், அதைக் காப்பீடாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏஎம்ஐயை நேராக நீக்காமல் முதலில் முடக்கும் வசதி உண்டு. பழைய லாஞ்ச் டெம்ப்ளேட் (சர்வரை எழுப்பும் அமைப்புக் குறிப்பு) எதுவும் அதைச் சுட்டிக்கொண்டிருந்தால் அடுத்த ஸ்கேலிங்கில் பிழையாகத் தெரியவரும், முடக்கத்தை நீக்கினால் சரியாகிவிடும். ஏஎம்ஐயையே நீக்கியிருந்தால் அந்தப் பிழை தீபாவளி விற்பனை நேரத்தில், ஸ்கேல் ஆக வேண்டிய நிமிடத்தில் வந்திருக்கும்.

முகவரிகள்

2024 பிப்ரவரி 1 முதல் ஏடபிள்யூஎஸ் எல்லாப் பொது ஐபிவி4 முகவரிக்கும் (இணையத்தில் சர்வரை அடையும் எண்), பயன்பாட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது. மாதத்துக்கு 3.65. சிறிய தொகை, ஆனால் முகவரி திரும்பக் கிடைப்பது உறுதியில்லை. உங்கள் எலாஸ்டிக் ஐபியை (அக்கவுண்டுக்கு ஒதுக்கிய நிலையான பொது முகவரி) ஏதாவது வங்கியோ கூட்டாளி நிறுவனமோ தன் ஃபயர்வாலில் அனுமதித்து வைத்திருந்தால், அதை விடுவித்த பிறகு புதிய முகவரியைச் சேர்க்கச் சொல்லி அவர்கள் அலுவலகத்தில் வாரக்கணக்கில் நிற்க வேண்டும். அந்த முகவரியை வேறொருவர் பெற்றுவிட்டால், உங்கள் டிஎன்எஸ் பதிவு (தளப் பெயரை முகவரியோடு இணைப்பது) இன்னும் அதைச் சுட்டிக்கொண்டிருந்தால், உங்கள் பெயரில் அவருடைய சர்வர் பேசும். ஆகவே வரிசை மாறக் கூடாது: முதலில் டிஎன்எஸ் பதிவு, பிறகு அதன் ஆயுட்காலம் தீரும்வரை காத்திருப்பு, பிறகு லோட் பேலன்சர் (கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பகிர்வது), கடைசியில் ஐபி.

உள் சர்வர்களை இணையத்துக்கு அனுப்பும் நாட் கேட்வே, வட வர்ஜீனியா விலையில், மணிக்கு 0.045 டாலர், ஒன்றும் போகாவிட்டாலும் மாதம் 32.85. அழித்தால் அதன் ஐபி தானாக விடுவிக்கப்படாது, அது தனியாகப் பில்லில் தொடரும். ரௌட் டேபிளில் (போக்குவரத்து வழிகளின் அட்டவணையில்) அதைச் சுட்டிய வழி கருந்துளையாக நிற்கும். இதில் அவசரப்படாமல் அந்த ஐபியை மட்டும் ஒரு மாதம் வைத்திருங்கள், 3.65 டாலருக்கு அதைவிட மலிவான பாதுகாப்பு கிடைக்காது.

தொடக்கூடாத இரண்டு

எஸ்3 பக்கெட்டின் (கோப்புகளை வைக்கும் பெட்டியின்) பெயர் உலகுக்கே பொது. நீங்கள் அழித்த பெயரை வேறு எவரும் எடுத்துக்கொள்ளலாம். 2025 பிப்ரவரியில் வாட்ச்டவர் என்ற பாதுகாப்பு ஆய்வுக் குழு, பலர் முன்பு பயன்படுத்திக் கைவிட்ட சுமார் 150 பக்கெட் பெயர்களைத் தாமே பதிவு செய்து பார்த்ததை வெளியிட்டது. இரண்டு மாதங்களில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் வந்தன: மென்பொருள் அப்டேட், நிரல் கோப்புகள், கிளவுட்ஃபார்மேஷன் டெம்ப்ளேட் என்று. கெட்ட எண்ணம் உள்ளவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் எதை வேண்டுமானாலும் அனுப்பியிருக்கலாம். எப்போதாவது வெளியுலகுக்குப் பெயர் தெரிந்த பக்கெட்டை உள்ளே காலி செய்யுங்கள், பக்கெட்டை அழிக்காதீர்கள். வெற்றுப் பக்கெட்டுக்குச் சேமிப்புக் கட்டணம் இல்லை.

காலி செய்வதிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு உண்டு. வெர்ஷனிங் இருந்தால் அழித்த பொருளின் பழைய பதிப்புகள் கட்டணத்தோடு தங்கும். பாதியில் நின்ற மல்டிபார்ட் (துண்டு துண்டான) அப்லோடுகள் சாதாரணப் பட்டியலில் காட்டாது, ஆனால் இடம் பிடிக்கும்; 7 நாளில் கைவிடச் சொல்லும் லைஃப்சைக்கிள் விதி ஒன்று எல்லாப் பக்கெட்டிலும் இருக்கட்டும். அந்த விதியை எழுதும்போது ப்ரிஃபிக்ஸை (கோப்புப் பெயரின் தொடக்க எழுத்துகளை) வெறுமையாக விட்டால் முழுப் பக்கெட்டுக்கும் பொருந்தும் என்பதை நினைவில் வையுங்கள். காலாவதி விதியில் அந்த வெற்றிடம் விழுந்தால் மொத்தமும் போகும்.

இரண்டாவது, கேஎம்எஸ் சாவி, அதாவது தரவை மறையாக்கும் சாவி. மாதம் 1 டாலர். அதை மிச்சம் பிடிக்கப்போய், அந்தச் சாவியால் பூட்டப்பட்ட ஸ்னாப்ஷாட், வால்யூம், தரவுத்தளப் பேக்கப் அனைத்தையும் நிரந்தரமாக இழக்கலாம். அமேசானாலும் மீட்டுத் தர முடியாது. அழிப்புக்கு 7 முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு, சாவியை முடக்கிப் பார்க்கவும் வழி உண்டு. ஆனால் முடக்கினாலும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் பொருத்தப்பட்ட வால்யூம் தொடர்ந்து வேலை செய்யும். அதன் தரவுச் சாவி ஏற்கெனவே ஹார்ட்வேரில் இருக்கிறது. பிரித்து மறுபடி பொருத்தும்போதுதான் திறக்க மறுக்கும். 30 நாளும் ஒருமுறைகூட நிறுத்தி இயக்கப்படாத சர்வர் என்றால், காத்திருப்பு முழுதும் அமைதியாகக் கழிந்து, சாவி போனபிறகு சத்தம் கேட்கும். சாவியை எங்கள் பட்டியலில் எப்போதும் கடைசிக்கும் கடைசியாகத்தான் வைப்போம்.

யாரும் அழிக்காமலே அழிவது

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் ஓய்வூதிய நிதி நிறுவனமான யூனிசூப்பருக்கு கூகுள் கிளவுட் விஎம்வேர் எஞ்சின் சேவையில் இருந்த தனிக் கிளவுட் ஒன்று அழிந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் போனது. காரணத்தைக் கூகுளே விளக்கியது: அமைக்கும்போது ஓர் உள்கருவியில் ஒரு அளவுருவை வெறுமையாக விட்டிருந்தார்கள்; வெறுமை என்றால் ஓராண்டுக் காலவரம்பு என்று கருவி எடுத்துக்கொண்டது; ஆண்டு முடிந்ததும் தானாக அழித்தது. வாடிக்கையாளர் கேட்ட அழிப்பு அல்ல என்பதால் வாடிக்கையாளருக்கு எச்சரிக்கையும் போகவில்லை.

சுத்தம் செய்யும் டீம்கள் ஆசையோடு போடும் 'காலாவதி' டேகுக்கு இந்தக் கதை நேராகப் பொருந்தும். டேக் இல்லையென்றால் என்ன என்பதை ஒரே விதமாகத்தான் எழுத வேண்டும்: தொடாதே, ஆனால் புகார் செய். டேக் இல்லாததை அழிக்கும் கருவி என்றாவது ஒரு நாள், டேகே போட முடியாத ஒன்றின்மீது பாயும். தேதி எழுதும் வடிவமும் ஒன்றாக இருக்கட்டும். 03-04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்று ஸ்கிரிப்ட் தீர்மானிக்கக் கூடாது.

யூனிசூப்பரை மீட்டது கூகுள் கிளவுட் ஸ்டோரேஜில் இருந்த பேக்கப்பும், வேறு நிறுவனத்தின் பேக்கப் மென்பொருளும். அழிந்த பொருளின் ஆயுளோடு கட்டப்படாத இடத்தில் நகல் இருந்தது. ஆர்டிஎஸ்ஸில் தரவுத்தளத்தை அழித்தால் தானியங்கி பேக்கப்களும், வைத்திருக்கச் சொல்லாவிட்டால், சேர்ந்தே போகும். கையால் எடுத்த ஸ்னாப்ஷாட் தங்கும். தங்குவதையும் வேறு அக்கவுண்டுக்கு நகலெடுத்து வைத்தால், சுத்தம் செய்யும் சாவி அதை எட்ட முடியாது.

சாவியும் வேகமும்

அழிக்கும் ரோல் (அனுமதிகளின் தொகுப்பு) ஒன்று, டேக் போடும் ரோல் வேறொன்று. அழிக்கும் ரோலின் கொள்கையில், குறிப்பிட்ட நீக்க டேக் உள்ள பொருளை மட்டுமே அழிக்கலாம் என்ற நிபந்தனை இருக்க வேண்டும்; அதே ரோலுக்கு டேக் மாற்றும் அனுமதி இருந்தால் நிபந்தனைக்கே பொருளில்லை. முதல் நாள் ஒரு உருப்படி. மறுநாள் அதே கோப்பிலிருந்து அடுத்த 5. பிறகு 25. ஒவ்வொரு தொகுதிக்கு நடுவிலும் ஒரு வேலை நாள். வெள்ளிக்கிழமை பிற்பகலில் வேண்டாம். ஏற்கெனவே அழிந்த எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால் ஸ்கிரிப்ட் தானே நிற்க வேண்டும். 23 நிமிடத்தில் 883 என்ற வேகத்துக்கு எந்தச் செலவுக் குறைப்பிலும் தேவை இல்லை. சப்போர்ட் டீமுக்கு, எந்த நேரத்தில் எந்தத் தொகுதி போகிறது என்ற தகவல் முன்பே போயிருக்க வேண்டும்; புகார் வந்த நிமிடமே இரண்டையும் இணைத்துப் பார்க்க அதுதான் வழி.

எல்லாம் முடிந்தும் பில் குறையாமல் இருக்கலாம். தள்ளுபடி ஒப்பந்தங்களான ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸோ சேவிங்ஸ் பிளானோ 1 அல்லது 3 ஆண்டுக்கு எடுத்திருந்தால், சர்வரை அழித்தாலும் ஒப்பந்தத் தொகை அப்படியே போகும். அழிக்கும் முன்பே கவரேஜ் (எவ்வளவு பயன்பாடு ஒப்பந்தத்துக்குள் வருகிறது என்ற) அறிக்கையைப் பார்த்து, ஒப்பந்தம் முடியும் மாதத்தைப் பட்டியலில் எழுதிவையுங்கள். கிளவுட்வாட்ச் லாக் குரூப்கள் (நிகழ்வுப் பதிவுகளின் தொகுப்புகள்) இயல்பாக என்றென்றும் வைத்திருக்கும்படி அமைக்கப்பட்டவை. லாம்டாவை (தனிச் சர்வரின்றி ஓடும் சிறு நிரலை) அழித்தாலும் அதன் லாக் தங்கும். அவற்றை அழிக்க வேண்டியதே இல்லை, வைத்திருக்கும் காலத்தை 90 நாள் என்று மாற்றினால் தானே கரையும். தணிக்கைக்குத் தேவையான லாக் எது என்று அதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவைக் காட்டும் காஸ்ட் எக்ஸ்ப்ளோரரில் மொத்தத் தொகையைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். பயன்பாட்டு வகை வாரியாகப் பிரித்து, ஈபிஎஸ் வால்யூம் வரி குறைந்ததா, ஸ்னாப்ஷாட் வரி அதற்கு ஈடாக ஏறியதா என்று இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்னாப்ஷாட் வரி ஏறியிருக்கும், ஏற வேண்டும். அந்தக் காப்பு ஸ்னாப்ஷாட்களுக்கும் பொறுப்பாளர் பெயரும் நீக்கத் தேதியும் டேகாக இருக்கிறதா என்று அன்றே சரிபார்த்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டு சுத்தம் செய்ய வருபவரின் பட்டியலில், யார் எடுத்தது எதற்கு எடுத்தது என்று தெரியாத முதல் உருப்படி அதுவாகத்தான் இருக்கும்.